டெரிங் சுருள்: அழிக்கப்பட்ட ஒரு பெயரும் கை மாறிய கதையும்

கேள்வி: டெரிங் சுருள் என்று ஒரு பெயரைப் பார்த்தேன். அது என்ன, புத்தகமா?

புத்தகம் இல்லை, நீளமான தோல் சுருள். அகலம் ஏறக்குறைய ஒரு சாண், நீளம் இரண்டரை மீட்டருக்குச் சற்று மேல். பிரபுக் குடும்பங்கள் தம் அடையாளமாகக் கேடயத்தில் தீட்டிக்கொண்ட குலச்சின்னங்களை அதில் வரைந்திருக்கிறார்கள். வரிசைக்கு 6 கேடயமாக 54 வரிசை, மொத்தம் 324 சின்னங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே அதற்குரியவரின் பெயர். மூல வடிவிலேயே பிழைத்திருக்கும் ஆங்கிலேயக் குலச்சின்னச் சுருள்களில் இதுதான் மிகப் பழையது. 1270-80 வாக்கில் செய்தது.

கேள்வி: யாருக்காகச் செய்தார்கள் ஐயா?

அப்போது இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில் உள்ள டோவர் கோட்டைக்குத் தலைவராக இருந்த ஸ்டீபன் பென்செஸ்டருக்காக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தப் பகுதி மாவட்டங்களான கென்ட், சசெக்ஸ் பக்கத்து நைட்டுகளின் (பட்டம் பெற்ற குதிரை வீரர்களின்) சின்னங்கள் இதில் நிறைய இருக்கின்றன. தொடக்கத்திலேயே வருபவர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்ராய். இவர் இங்கிலாந்தின் ஜான் மன்னருக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த மகன்.

கேள்வி: சரி, டெரிங் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

17ஆம் நூற்றாண்டில் சர் எட்வர்ட் டெரிங் என்பவர் டோவர் கோட்டையின் துணைத் தலைவராக இருந்தார். அந்தக் காலத்தில்தான் சுருள் அவர் கைக்கு வந்தது. வந்ததும் அவர் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. நிக்கோலஸ் டி கிரியோல் என்று ஒரு நைட்டின் பெயர் அதில் இருந்தது. அதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் 'ரிக் ஃபிட்ஸ் டெரிங்', அதாவது டெரிங்கின் மகன் ரிச்சர்ட், என்று எழுதிவிட்டார். அப்படி ஒரு மூதாதை அவருக்கு இருந்ததே இல்லை. தோலில் மை மேலாகத்தான் நிற்கும். கத்தியால் லேசாகச் சுரண்டினால் போய்விடும். எழுத்தர்கள் பிழை திருத்தியதே அப்படித்தான். ஆனால் இங்கே போனது பிழை இல்லையே, உண்மையில் வாழ்ந்த ஒருவரின் பெயர்!

கேள்வி: பெரிய மனிதர்தானே, அவருக்கு எதற்கு இந்த வேலை?

நல்ல கேள்வி. அந்தக் காலத்தில் குலச்சின்ன அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகப் போய், யாருக்கு எந்தச் சின்னம் உரியது, என்ன ஆதாரம் என்று விசாரித்துப் பதிந்தார்கள். குடும்பத்தின் பழமைதான் மதிப்பு. ஏறக்குறைய 350 ஆண்டு பழைய சுருளிலேயே பெயர் இருந்தால் அதற்கு மேல் யார் கேட்பார்கள்? தம் ஊரான பிளக்லியின் தேவாலயத்திலும் முன்னோர்களுக்கென்று பழைய பாணியில் பித்தளை நினைவுத் தகடுகளைப் புதிதாகச் செய்து பதித்தார். ஆக, இது ஏதோ ஒரு நாள் சபலம் அல்ல.

கேள்வி: அப்படியானால் வெறும் ஏமாற்றுக்காரர்தானா?

அப்படி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215ஆம் ஆண்டு சாசனமான மாக்னா கார்ட்டாவின் ஒரு மூலப்படியை டோவரிலிருந்து 1630இல் பழஞ்சுவடி சேகரிப்பாளர் சர் ராபர்ட் காட்டனுக்கு அனுப்பிவைத்தவர் இதே டெரிங். (பின்னால், 1731 தீ விபத்தில் அது சேதப்பட்டது வேறு கதை.) ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பு வெளிவந்தபோது, 1623 டிசம்பர் 5 அன்று இரண்டு படிகள் வாங்கியதாக அவர் கணக்குப் புத்தகம் சொல்கிறது. பழைய ஏடுகள் மேல் அவருக்கு இருந்த ஆசை நிஜம். அந்த ஆசைதான் இந்தச் சுருளைக் காப்பாற்றியது; கிரியோலின் பெயரைத் தின்றதும் அதே கைதான்.

கேள்வி: இப்போது எங்கே இருக்கிறது?

டெரிங் குடும்பத்து நூலகம் 19ஆம் நூற்றாண்டில் ஏலங்களில் சிதறிப்போனது. சுருள் 2007இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. நாட்டை விட்டுப் போகாதபடி அரசு ஏற்றுமதி அனுமதியைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. அந்த அவகாசத்தில் உள்நாட்டு நிறுவனம் ஏதாவது அதே விலையைத் திரட்டி வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் அங்குள்ள ஏற்பாடு. அப்புறம் 2008இல் பிரிட்டிஷ் நூலகம் நன்கொடைகளின் துணையோடு 1,94,184 பவுண்டுக்கு வாங்கியது. நூலகப் பட்டியலில் கூடுதல் சுருள் 77720 என்பது அதன் எண்.

கேள்வி: கிரியோலின் பெயரைத் திரும்ப எழுதிவிடலாமே?

வேண்டாம். டெரிங் எழுதியதைச் சுரண்டினால் நாமும் அவர் செய்ததையே செய்தவர்கள் ஆவோம். சுருள் யார் கையில் இருந்தது, அவர் அதை எதற்குப் பயன்படுத்தினார் என்பதற்கு அந்தப் பொய்ப் பெயரே சாட்சி. அது அங்கேயே இருக்கட்டும். சுருளைப் பற்றி எழுதும் ஒவ்வொருவரும் அந்தக் கேடயத்துக்கு வரும்போது நிக்கோலஸ் டி கிரியோல் என்று முதலில் எழுதட்டும்.