பல்லுக்குள் புரதங்களுக்கு என்ன வேலை?

கேள்வி: பல் என்றாலே கால்சியம்தானே? புரதம் எங்கே வந்தது?

பதில்: பல்லின் வெளி உறையான எனாமல் பெரும்பாலும் தாதுதான். அதற்கு அடியிலுள்ள டென்டின் அப்படியில்லை. அதன் எடையில் சுமார் 70 சதவீதம் தாது, 20 சதவீதம் கரிமப் பொருள், மீதி நீர். அந்தக் கரிமப் பொருளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு கொலாஜன் என்ற நார்ப்புரதம். பல்லின் நடுவிலுள்ள மென்மையான உயிர்ப்பகுதியான பல்கூழின் ஓரத்தில் வரிசைகட்டி நிற்கும் ஓடோன்டோபிளாஸ்ட் செல்கள் முதலில் கொலாஜன் வலையைப் பின்னுகின்றன. கான்கிரீட் போடும் முன் கம்பி கட்டுவதைப் போல. தாது அப்புறம்தான் படிகிறது. அதைப் படிய வைப்பதில் பாஸ்போபோரின் என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எதிர்மின்னூட்டம் மிகுந்த புரதம் அது. கால்சியத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: மகனுக்குப் பற்கள் சாம்பல் நிறமாக, கண்ணாடி மாதிரி தெரிகின்றன. சீக்கிரம் தேய்கின்றன. என் பற்களும் அப்படித்தான். கால்சியம் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: மாத்திரையால் இது தீராது. டென்டினோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா என்ற, பரம்பரையாக வரும் டென்டின் கோளாறாக இருக்கலாம். பாஸ்போபோரினுக்கான டிஎஸ்பிபி மரபணுவில் பிழை இருந்தால் டென்டின் உறுதியாக உருவாகாது. மேலே உள்ள எனாமலும் பிடிமானமின்றி உதிரும். பையனுக்கு எலும்பு அடிக்கடி முறிகிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எலும்பிலும் இருக்கும் கொலாஜனின் மரபணுவில் கோளாறு இருந்தாலும் பல் இப்படித் தெரியும். தேய்மானம் அதிகமாகும் முன்பே உறை போடுவது நல்லது.

கேள்வி: ஆழமான சொத்தை. டாக்டர் முழுவதும் சுரண்டாமல் அடியில் கொஞ்சம் விட்டுவிட்டு அடைத்துவிட்டார். ஏமாற்றுகிறாரோ?

பதில்: இல்லை, நல்ல வேலைதான் செய்திருக்கிறார். பல்கூழ் உயிரோடு இருந்தால், அதைத் திறந்துவிடாமல் காப்பதே முதல் கடமை. டென்டின் உருவாகும்போதே டிஜிஎஃப்-பீட்டா போன்ற வளர்ச்சிப் புரதங்கள் அதற்குள் புதைந்துவிடுகின்றன. சொத்தையின் அமிலம் தாதுவைக் கரைக்கும்போது அவை வெளியேறி, உள்ளிருக்கும் செல்களைத் தட்டி எழுப்புகின்றன. அடைப்புக்கு அடியில் வைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தும் அவற்றை வெளிக்கொண்டு வரும். ஓடோன்டோபிளாஸ்ட்கள் பிழைத்திருந்தால் அவையே புது டென்டினைச் சுரக்கும். இறந்திருந்தால் பல்கூழின் மூலச் செல்கள் அந்த வேலையை ஏற்கும். இதெல்லாம் மேல் அடைப்பு இறுக்கமாக இருந்தால்தான். கிருமிகளுக்குச் சாப்பாடு போகக் கூடாது. இரவில் தானாக வலி எடுத்தால் தள்ளிப்போடாமல் போய்க் காட்டுங்கள்.

கேள்வி: அடைக்காமலே பல்லை வளர வைக்கும் மருந்து வந்துவிட்டதாமே?

பதில்: 2017-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் டைடெக்ளூசிப் மருந்தைக் கொலாஜன் பஞ்சில் நனைத்து எலிகளின் பல் துளையில் வைத்தார்கள். பஞ்சு கரைய, அங்கே டென்டின் வளர்ந்தது. எனக்கு இதில் நிறைய நம்பிக்கை உண்டு. ஆனால் அது எலியின் சின்னப் பல். உங்கள் சொத்தையை இப்போதே அடைத்துவிடுங்கள்.