இரண்டு நூல்

கேள்வி: பட்டறையில் அல்லது தொழிற்சாலையில் உடன் வேலை செய்தவர்களோடு நடந்த, நினைத்தால் சிரிப்பு வரும் நிகழ்வு எது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய லேத் பட்டறையில், அதாவது இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் இயந்திரங்கள் உள்ள பட்டறையில், டர்னராக (கடைசல்காரனாக) இருந்தேன். ஐடிஐ முடித்த பையன் ஒருவன் புதிதாகச் சேர்ந்தான். எங்கள் மேஸ்திரிக்கு அறுபது வயது. டிராயிங் எல்லாம் மில்லிமீட்டரில்தான் வரும். ஆனால் அவர் வாயில் வருவது அங்குலமும் நூலும்தான். மெட்ரிக் அளவைக்கு 1956இலேயே சட்டம் வந்துவிட்டது, பட்டறைப் பேச்சை அது இன்னும் முழுதாக மாற்றவில்லை.

ஒருநாள் லேத்தில் ஒன்றரை அங்குல ராடு ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி பையனிடம், "தம்பி, இதில் இரண்டு நூல் எடுக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தால் லேத் நிற்கிறது, பையனைக் காணோம். கால் மணி நேரம் கழித்து மூச்சிரைக்க ஓடி வந்தான். கையில் இரண்டு நூல்கண்டு.

"என்ன நிறம் என்று நீங்கள் சொல்லவில்லை, மேஸ்திரி. வெள்ளையில் ஒன்று, கறுப்பில் ஒன்று வாங்கி வந்தேன்."

பட்டறையே அதிர்ந்தது. மேஸ்திரி ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நூலுக்கான காசைத் தன் பையிலிருந்து கொடுத்தார். சாக்பீஸால் சுவரில் எழுதினார்: 8 நூல் 1 அங்குலம், 1 நூல் 3.175 மில்லிமீட்டர். "ராடின் விட்டத்தில் இரண்டு நூல் சீவி எடுத்தால் ராடு எத்தனை மில்லிமீட்டருக்கு வர வேண்டும்?" என்று கேட்டார். "31.75" என்றான் பையன், நொடியில். அந்த வெள்ளை நூலைக் கூலண்ட் (வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் திரவம்) குழாயின் மரையில் சுற்றி இறுக்கினோம். பல நாள் ஒழுகல் நின்றது.

சிரிப்பு மேஸ்திரி பக்கமும் திரும்பியது. ஆயுத பூஜையன்று எல்லாக் கருவிக்கும் அவரே சந்தனம் வைப்பார். அந்த வருடம் பக்தி கொஞ்சம் கூடிவிட்டது. தடிமனை நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டரின் அளவெடுக்கும் முகத்திலும் ஒரு பொட்டு. பூஜை முடிந்து வேலை தொடங்கியபோது புஷ் (குழல் வடிவ உதிரிப் பாகம்) கடைந்தார். காய்ந்த சந்தனத்தையும் சேர்த்து மைக்ரோமீட்டர் அளவு காட்டியதால் ஜாப் (கடையும் பாகம்) பெரிதாக இருப்பதாக நினைத்து இன்னும் கொஞ்சம் எடுத்தார். ஆறு புஷ்ஷும் அளவுக்குக் கீழே போய்விட்டன.

கண்டுபிடித்தவன் அந்தப் பையன்தான். "மேஸ்திரி, மூடினால் ஜீரோவுக்கு வரவில்லை. 0.08 நிற்கிறது." அவர் வாங்கிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "சாமி குற்றம் இல்லை, என் குற்றம்" என்று முதலில் சிரித்தவர் அவர்தான்.

காற்றுக் குழாயை ஆள் மேல் பிடிப்பது, சக் சாவியை (ராடைப் பிடிக்கும் சுழலும் பிடியான சக்கை இறுக்கும் சாவி) சக்கிலேயே விட்டு வைப்பது போன்றவற்றையும் சிலர் வேடிக்கைக் கணக்கில் சேர்க்கிறார்கள். அவை ஆளைக் கொல்லும். நான் சேர்க்க மாட்டேன்.

அடுத்த வருடப் பூஜையில் மேஸ்திரி மைக்ரோமீட்டரைப் பெட்டிக்குள் வைத்து மூடி, மூடியில் மட்டும் பொட்டு வைத்தார். பிறகு பையனைக் கூப்பிட்டார்: "தம்பி, சரியா என்று பார்த்துச் சொல்."