டெக்சஸ் பிளேபாய்ஸ்: யார், எங்கிருந்து? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கன்ட்ரி அன்ட் வெஸ்டர்ன் இசை பற்றிய கட்டுரையில் பாப் வில்ஸின் ‘டெக்சஸ் பிளேபாய்ஸ்’ குழுவை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு அவர்களுடைய முப்பதுகளின் பதிவுகளைத் தேடிக் கேட்டேன். குழப்பம்தான் மிச்சம். படத்தில் கௌபாய் தொப்பியும் பூட்ஸும். இசையிலோ சாக்ஸபோன், டிராம்போன், டிரம்ஸ். நடுவில் யாரோ ‘ஆ… ஹா’ என்று கத்துகிறார். இவர்கள் கிராமத்துக் கலைஞர்களா, ஜாஸ் ஆட்களா? யார் யார், எங்கே கற்றவர்கள்?

இன்னொரு கேள்வி. நாங்கள் ஐந்து பேர் கூடி வாசிக்கிறோம். கர்னாடக வயலின் முறையாகக் கற்ற ஒருவர், கிட்டார் இருவர், பேஸ், டிரம்ஸ். இந்தப் பாணியில் சில மெட்டுகளை முயன்று பார்த்தோம். சுரம் சரியாகத்தான் விழுகிறது. ஆனால் மொத்தத்தில் கனத்துப்போய், நகராமல் நிற்கிறது. எங்கே தவறுகிறோம்?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

அது நடனக்கூடத்துக்காக உண்டான குழு. நான்கு மணி நேரம் ஜோடிகளை ஆடவைக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அதற்கு உதவும் யாரையும் வில்ஸ் சேர்த்துக்கொண்டார், எங்கே கற்றாய் என்று பார்க்கவில்லை. சேர்ந்தவர்களும் தங்கள் பள்ளியை விட்டுக்கொடுக்கவில்லை. எல்லோரும் ஒத்துப்போனது தாளத்தில் மட்டும்தான். உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை அங்கேதான் இருக்கிறது என்பதால் முதலில் ஆட்களைப் பார்த்துவிடுவோம்.

பாப் வில்ஸ் 1905இல் டெக்சஸின் காஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர். அப்பா பிடில் வாசிப்பவர், தாத்தாக்கள் வழியிலும் பிடில்தான். 1913இல் குடும்பம் மேற்கு டெக்சஸின் பருத்திக்காட்டுக்குக் குடிபெயர்ந்தது. பத்து வயதிலேயே பண்ணை வீட்டு நடனங்களுக்கு வாசிக்கத் தொடங்கினார். கூடவே வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்களின் ப்ளூஸ் பருத்திக்காட்டிலேயே காதில் விழுந்துவிட்டது. டர்க்கி என்ற சிற்றூரில் முடிதிருத்தும் தொழில் பார்த்தார். 1929இல் ஃபோர்ட் வொர்த்துக்கு வந்து கிட்டார்காரர் ஹெர்மன் ஆர்ன்ஸ்பைகரோடு ஜோடி சேர்ந்தார். நீங்கள் கேட்ட ‘ஆ… ஹா’ இவருடையதுதான்.

பாப் வில்ஸ் ஜாஸ் வாசிப்பவர் அல்லர். பிரேக்டவுன் என்கிற வேக நடன மெட்டுகள், வால்ட்ஸ், ப்ளூஸ் சாயல் கொண்ட நீண்ட இழுப்புகள், இவையே அவர் கையிருப்பு. மெட்டை மெட்டாகவே வாசிப்பார். கற்பனையாக விரித்து வாசிக்கத் தெரிந்த பிடில்காரர் எப்போதும் அவர் பக்கத்தில் ஒருவர் நின்றார். வில்ஸ் வில்லை நீட்டி யாரைக் காட்டுகிறாரோ அவர் உடனே தனி ஆவர்த்தனம் எடுக்க வேண்டும். முன்கூட்டியே வரிசை கிடையாது. பெயரையும் சொல்லித்தான் கூப்பிடுவார். அதனால் இந்தப் பதிவுகளில் யார் வாசிக்கிறார் என்று தெரிந்துகொள்ள அட்டைக் குறிப்பே தேவையில்லை. ‘லியான்’ என்று கத்தினால் அடுத்து வருவது ஸ்டீல் கிட்டார்.

1930இல் இவர்களோடு பாடகர் மில்டன் பிரவுன் சேர்ந்தார். 1931இல் பர்ரஸ் மாவு ஆலையின் விளம்பரத்துக்காக ‘லைட் க்ரஸ்ட் டோபாய்ஸ்’ என்ற பெயரில் வானொலியில் வாசித்தார்கள். பிரவுன் மறு ஆண்டே பிரிந்து ‘மியூசிகல் பிரவுனிஸ்’ தொடங்கினார். ஜாஸ் பியானோவை இந்த இசைக்குள் முதலில் உட்காரவைத்தவர் அவர். மின்சார ஸ்டீல் கிட்டாரை 1935 ஜனவரியிலேயே பதிவு செய்ததும் அவருடைய குழுவின் பாப் டன்தான். 1936இல் கார் விபத்தில் அடிபட்டு பிரவுன் இறந்துபோனார். பிடிலும் ஜாஸும் கலந்த இந்த நடன இசைக்குப் பெயர் வெஸ்டர்ன் ஸ்விங். அது என்றால் எல்லோரும் வில்ஸ் பெயரையே சொல்கிறார்கள். பாதிப் புகழ் பிரவுனுக்குச் சேர வேண்டியது என்பது என் தரப்பு.

பிரவுன் விட்டுப்போன இடத்துக்கு 1932இல் வந்தவர் டாமி டங்கன். டெக்சஸ்காரர். ஜிம்மி ராட்ஜர்ஸின் யோடலிங் (குரலைச் சட்டென்று மேலும் கீழும் தாவவிடும் முறை), எம்மெட் மில்லரின் குரல் உடைப்பு, பிங் க்ராஸ்பியின் மென்மை மூன்றும் அவரிடம் உண்டு. மைக்கோடு நெருங்கி, அடித்தொண்டையில் அலட்டாமல் பாடுவார். உச்சஸ்தாயியில் மூக்கால் பாடும் மலைப்பாட்டு மரபுக்கு இது நேர் எதிர்.

1933இல் மாவு ஆலையோடு உறவு முறிந்தது. வேகோ, ஓக்லஹோமா சிட்டி என்று அலைந்து 1934இல் டல்சாவின் கேவூ வானொலியில் குழு நிலைகொண்டது. மதியம் வானொலி, இரவு நடனம். அங்கிருந்த கெய்ன்ஸ் பால்ரூம் என்ற நடனக்கூடம் அவர்களுடைய சொந்த வீடு மாதிரி. வருமானம் நிலையானதும் ஆளெடுக்கத் தொடங்கினார் வில்ஸ். 1935தான் முக்கியமான ஆண்டு.

அந்த ஆண்டு வந்தவர்களில் டிரம்ஸ்காரர் ஸ்மோக்கி டேகஸ் நடன ஆர்க்கெஸ்ட்ரா ஆள். பிடில் குழுவில் டிரம்ஸ் என்பது அன்று கேள்விப்படாத சங்கதி. பியானோ அல் ஸ்ட்ரிக்ளின், ஃபோர்ட் வொர்த் வானொலி நிலையத்தில் வேலை பார்த்தவர், ஏர்ல் ஹைன்ஸின் ஜாஸ் வாசிப்பில் மயங்கியவர். ஸ்டீல் கிட்டார் லியான் மெக்காலிஃப்புக்கு வயது பதினெட்டு. ஹூஸ்டன் பையன், அவரும் டோபாய்ஸிலிருந்து வந்தவர். மடியில் கிட்டாரைப் படுக்கவைத்து இரும்புக் கட்டையால் வழுக்கி வாசிக்கும் முறை ஹவாயிலிருந்து வந்தது. நம்மூர் சித்ரவீணையைக் கேட்ட காதுக்கு அந்த வழுக்கல் அந்நியமாக இருக்காது. 1936இல் அவர் பதிவு செய்து புகழ்பெற்ற ‘ஸ்டீல் கிட்டார் ரேக்’ மெட்டின் வேர், கென்டக்கியைச் சேர்ந்த சில்வெஸ்டர் வீவர் என்ற கறுப்பினக் கலைஞர் 1923இல் பதிவு செய்த கிட்டார் துண்டில் இருக்கிறது. ஹவாய், கென்டக்கி, டெக்சஸ் மூன்றும் ஒரே மூன்று நிமிடத்தில்.

1935 செப்டம்பரில் டல்லஸில் நடந்த முதல் பதிவில் பதின்மூன்று பேர் வரை இருந்தார்கள். பிடிலில் வில்ஸோடு ஜெஸ்ஸி ஆஷ்லாக். இவர் மில்டன் பிரவுனிடம் இருந்தவர், ஜாஸ் வயலின்காரர் ஜோ வெனூட்டியைப் பார்த்துப் பழகியவர். ஆர்ட் ஹெய்ன்ஸ் பிடிலும் வாசிப்பார், டிராம்போனும் ஊதுவார். ஸெப் மெக்நாலி சாக்ஸபோன். வில்ஸின் தம்பி ஜானி லீ டெனர் பாஞ்சோ. கிட்டாரில் ஆர்ன்ஸ்பைகரும் ஸ்லீப்பி ஜான்சனும், பேஸில் சன் லான்ஸ்ஃபர்ட். பதிவு நிறுவனத்தின் ஆர்ட் சாதர்லி ஆங்கிலேயர்; ஊதுகுழல் எதற்கு, பாட்டுக்கு நடுவே கத்தல் எதற்கு என்று கேட்டார். வில்ஸ் மூட்டை கட்டத் தயாரானதும் பின்வாங்கினார்.

ஆக, உங்கள் ‘கிராமமா ஜாஸா’ கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. நாற்காலிக்கு நாற்காலி பதில் மாறும். நடைமுறைச் சிக்கலும் அங்கேதான் வரும். மரபு வழி பிடில்காரருக்குத் திறந்த தந்தி ஒலிக்கும் ஜி, டி, ஏ சுருதிகள் இதம். ஊதுகுழல்காரர்களுக்கு எஃப், பி-ஃப்ளாட், ஈ-ஃப்ளாட். பிடில்காரர்களில் பலர் காதால் கற்றவர்கள், ஊதுகுழல்காரர்களில் பலர் தாளில் எழுதியதைப் பார்த்து வாசிப்பவர்கள். இந்த இடைவெளிக்குப் பாலம் போட்டவர் 1937இல் சேர்ந்த கிட்டார்காரர் எல்டன் ஷாம்ப்ளின். ஓக்லஹோமாக்காரர், தானாகவே கற்றவர். ஆனாலும் எழுதத் தெரியும், ஒவ்வொரு கருவிக்கும் பகுதி பிரித்துத் தரத் தெரியும். வில்ஸுக்கு அடுத்தபடி இந்தக் குழுவுக்கு இன்றியமையாதவர் யார் என்று கேட்டால் நான் டங்கனைச் சொல்லமாட்டேன், இவரைத்தான் சொல்வேன். 1941இல் இவரும் மெக்காலிஃபும் இரண்டு மின் கிட்டார்களில் இணைந்து வாசித்த ‘ட்வின் கிட்டார் ஸ்பெஷல்’ கேளுங்கள். சாக்ஸபோன் வரிசைக்கு எழுதுவதைத் தந்திகளுக்கு எழுதியிருக்கிறார்கள்.

குழு எப்படி உருமாறியது என்பதை ஒரே பாடலில் கேட்கலாம். ‘சான் அன்டோனியோ ரோஸ்’ 1938 பதிவில் பிடிலும் ஸ்டீலும் முன்னால் நிற்கும், பாட்டு வரிகள் இல்லை. 1940 பதிவில் டங்கன் பாடுகிறார், முன்வரிசை முழுக்க ஊதுகுழல். பிறகு போர். ஆட்கள் படைக்குப் போனார்கள், வில்ஸும் 1942 இறுதியில் போய் மறு ஆண்டு திரும்பினார். கலிஃபோர்னியாவில் மறுபடி கூட்டிய சில ஆண்டுகளில் ஊதுகுழல் வரிசை போய், அந்த இடத்தை மின்சாரத் தந்திகள் பிடித்தன: டைனி மூரின் மின் மாண்டலின், ஷாம்ப்ளினின் கிட்டார், ஹெர்ப் ரெமிங்டனின் ஸ்டீல். மூவரும் மூன்று சுரமாகப் பிரிந்து ஒரே மூச்சில் நகர்வார்கள். ‘டிஃபனி டிரான்ஸ்க்ரிப்ஷன்ஸ்’ என்ற வானொலிப் பதிவுத் தொகுப்பில் இது இருக்கிறது. ஐந்து பேர் குழுவுக்குப் பாடம் அதில்தான். 1940இன் பெருங்குழு உங்களுக்கு எட்டாது, எட்டவும் வேண்டாம்.

இனி உங்கள் கனம். ஐந்து பேரில் மூன்று பேர் அளவுக்கு மேல் வாசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பேஸ் நான்கு தட்டிலும் நடக்கக் கூடாது. ஒன்றிலும் மூன்றிலும் மட்டும்: முதலில் கார்டின் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டின்) அடிச்சுரம், அடுத்தது பஞ்சமம். சுரம் அடுத்த தட்டுக்குள் வழிந்தால் ஆட்டம் செத்துவிடும். இடக்கை விரலைத் தளர்த்தி ஒலியை அறுத்துவிட வேண்டும். எலெக்ட்ரிக் பேஸ் என்றால் பாலத்துக்கு (தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு) பக்கத்தில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைத் தந்திகளுக்கு அடியில் செருகுங்கள்.

டிரம்ஸ்காரர் இரண்டிலும் நான்கிலும் ஸ்நேரை ஓங்கி அடித்தால் ராக் ஆகிவிடும். குச்சியை வைத்துவிட்டு பிரஷ் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு, நான்கில் ஹை-ஹாட் மூடட்டும். ஒன்று, மூன்றில் பேஸ் டிரம் பட்டும் படாமல், பேஸ் தந்திக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு மட்டும். சுழற்சிக்கு ஒருமுறை ஃபில் (இடத்தை நிரப்பும் சிறு உருட்டல்) போடும் பழக்கத்தை அடியோடு விடவேண்டும்.

பெரும்பாலும் குற்றவாளி கிட்டார். ஆறு தந்தியையும் வருடினால் கீழ்ச்சுரங்கள் பேஸோடு குழம்பும், மேல்சுரங்கள் வயலினை மறைக்கும். ஷாம்ப்ளின் வழி ஆறு, நான்கு, மூன்று ஆகிய தந்திகளில் மட்டும் கார்ட் பிடிப்பது. நடுவிலுள்ள ஐந்தாவது தந்தியை விரல் நுனி ஊமையாக்கிவிடும். தட்டியவுடன் இடக்கை அழுத்தத்தை எடுத்துவிட வேண்டும், ஆனால் விரல் தந்தியை விட்டு விலகக் கூடாது. விலகினால் திறந்த தந்தி முனகும். ஒரே கார்டில் இரண்டு பார் (எட்டுத் தட்டு) நிற்கவும் கூடாது. ஜி-யிலிருந்து சி-க்குப் போய்த் திரும்ப வேண்டுமென்றால் ஜி, அடியில் பி வரும் ஜி-செவன், சி, சி-ஷார்ப் டிமினிஷ்ட், மறுபடி அடியில் டி வரும் ஜி என்று கீழ்ச்சுரம் படிப்படியாக ஏற வேண்டும். நடை அந்தப் படிகளிலிருந்துதான் வருகிறது.

இரண்டாவது கிட்டார் தாளம் போடவே வேண்டாம். அதை மடிக்கு மாற்றுங்கள். கிட்டாரின் கழுத்து முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டின் மேல் பொருந்தும் உலோக எக்ஸ்டென்ஷன் நட் கடைகளில் கிடைக்கும், தந்திகளைத் தூக்கிவிடும். திறந்த ஈ சுருதிக்கு ஐந்து, நான்கு ஆகிய தந்திகளை ஒரு முழுச் சுரமும் மூன்றாவதை அரைச் சுரமும் ஏற்ற வேண்டும். கனமான தந்திகள் போட்ட அகௌஸ்டிக் கிட்டாரில் இதைச் செய்தால் பாலம் பெயரும். மெல்லிய தந்தி போடுங்கள், அல்லது மொத்தமாக இறக்கி டி-யில் வையுங்கள். இரும்புக் கட்டை ஃப்ரெட்டுக்குப் பின்னால் வரக் கூடாது, நேர் மேலே நிற்க வேண்டும். மோதிர விரலும் சுண்டுவிரலும் கட்டைக்குப் பின்னால் தந்தியைத் தொட்டபடி வரவில்லையென்றால் கரகரப்பு கேட்கும்.

வயலின்காரருக்குத்தான் மறுபழக்கம் அதிகம். கர்னாடக சுருதியில் நான்கு தந்தியும் ச, ப, ச, ப. நடுவில் உள்ள இடைவெளி நான்கு சுரம். ஜி, டி, ஏ, ஈ-யில் எல்லா இடைவெளியும் ஐந்து சுரம். அதனால் இரண்டாம் தந்தியிலிருந்து மூன்றாம் தந்திக்குத் தாவும்போது விரல் பழைய கணக்குக்கே போகும், அபஸ்வரம் அங்கேதான் விழும். தனித்தனி ஸ்கேலை விட, அந்த இரண்டு தந்திகளைத் தாண்டும் சிறு மெட்டுகளை எடுத்துச் சாதகம் செய்யட்டும். கமகத்தை முழுக்க விட வேண்டியதில்லை. கீழிருந்து சுரத்துக்குள் ஒரே ஒரு ஜாரு (வழுக்கல்) இந்தப் பாணிக்கு உரியதுதான். சுரத்தைப் பிடித்தபின் அசைத்தால் கார்டோடு முட்டும். மெட்டை அவர் எடுக்கும்போது ஸ்டீல் ஒரு மூன்றாம் சுரம் கீழே கூடவே வரட்டும். இருவரும் வாசகத்தை ஒரே இடத்தில் மூச்சுவிட்டு முடிக்க வேண்டும். வில் திரும்பும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டால் ஸ்டீல்காரருக்கும் அது வழிகாட்டும்.

முதல் ஒத்திகையில் மெட்டே வேண்டாம். பேஸும் கிட்டாரும் பிரஷும் மட்டும் ஜி-யில் பத்து நிமிடம் வாசியுங்கள். மற்ற இருவரும் எழுந்து அதற்கு நடந்து பார்க்கட்டும். கால் இடறினால் தவறு கிட்டாரிலா பேஸிலா என்று ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டுக் கண்டுபிடித்துவிடலாம்.