பச்சைக் கலர்ல வர்ற ரிப்போர்ட்டை நம்பலாமா? ஷெல் ஸ்கிரிப்ட் கேள்வி பதில்

ராத்திரி சாஃப்ட்வேர் டெஸ்ட் ஓட்டி காலைல ரிப்போர்ட் மெயில் அனுப்புற ஷெல் ஸ்கிரிப்ட் (கமாண்டுகளை வரிசையா எழுதி வெச்ச ஃபைல்) பத்தி நம்ம சேலத்து டெஸ்டிங் புள்ளைங்க கேட்டதையெல்லாம் ஒரு வாரமா சேத்து வெச்சிருந்தேன், இன்னிக்கு ஏற்காட்டுல வீட்ல உக்காந்து ஒண்ணொண்ணா பதில் போடுறேன். போன்ல தமிழ்லயே அடிக்கிறதால கமாண்டெல்லாம் வாயால சொல்ற மாதிரிதான் வரும், டெர்மினல்ல நீங்க ஒழுங்கா அடிச்சுக்கோங்க. இன்னொண்ணு, நம்மூர்ல செட்டுனா மூணு இருக்கு. தட்டுவடை செட் ஒண்ணு, ஷெல்லோட ஆப்ஷனை மாத்துற செட் ஒண்ணு, டெக்ஸ்ட்டை மாத்துற எஸ்-ஈ-டி ஒண்ணு. குழப்பம் வேணாம்னு மூணாவதை ஸ்ட்ரீம் எடிட்டர்னே எழுதுறேன், அதோட முழுப்பேரே அதுதான்.

அஸ்தம்பட்டி, வேலைக்கு சேந்து 6 மாசம்: அக்கா, டெஸ்ட் ஃபெயில் ஆனாலும் மெயில்ல பாஸ்னுதான் போகுது. பைத்தான் டெஸ்ட் டூலான பைடெஸ்ட்டை ஓட்டி, லாக் ஃபைலுக்காக டீ கமாண்டுக்கு பைப் பண்றேன், அடுத்த வரில $? பாக்குறேன், எப்பவுமே 0 தான் வருது.

உன் ஃபெயிலை டீ குடிச்சிருச்சு கண்ணு. பைப்புங்கிறது ஒரு கமாண்டோட அவுட்புட்டை அடுத்ததுக்குத் தள்ளுறது, எக்ஸிட் கோடுங்கிறது கமாண்டு முடியும்போது குடுக்கிற நம்பர், 0ன்னா நல்லபடியா முடிஞ்சுதுன்னு அர்த்தம். பைப் போட்டா, கடைசில நிக்கிற கமாண்டோட எக்ஸிட் கோட்தான் $? ல வரும். பைடெஸ்ட் 1 குடுத்துட்டு செத்திருக்கும், டீ நல்லபடியா ஃபைல்ல எழுதி முடிச்சு 0 குடுத்திருக்கும், நீ பாத்தது டீயோட 0. ஸ்கிரிப்ட் மேல செட் மைனஸ் ஓ பைப்ஃபெயில்னு ஒரு வரி போடு, நடுவுல எது தோத்தாலும் அது வெளிய தெரியும். இல்ல டெஸ்ட்டோட கோட் மட்டும்தான் வேணும்னா பேஷ்ங்கிற ஷெல்ல பைப்ஸ்டேட்டஸ்னு ஒரு அர்ரே இருக்கு, அதுல 0வது இடத்தை எடு, ஆனா பைப் முடிஞ்ச அடுத்த வரிலயே எடுத்து வெச்சுக்கணும், நடுவுல ஒரு எக்கோ போட்டாக்கூட அது மாறிடும்.

அப்படியே பைடெஸ்ட் கோடையும் மனசுல வெச்சுக்கோ: 0 எல்லாம் பாஸ், 1 சிலது ஃபெயில், 2 நடுவுல நிறுத்திட்டாங்க, 3 அதுக்குள்ளயே கோளாறு, 4 நாம கமாண்டைத் தப்பா குடுத்தோம், 5 ஒரு டெஸ்ட்டுமே கிடைக்கல. இந்த 5 இருக்கே, இதை நிறைய பேர் கண்டுக்கிறதே இல்ல. ஒரு டெஸ்ட்டும் ஓடலன்னா ஃபெயிலும் 0 தானே, உடனே ரிப்போர்ட் பச்சையாயிடும்.

அதே தம்பி: பைப்ஃபெயில் போட்டேன், இல்லீகல் ஆப்ஷன்னு திட்டுதுங்க்கா.

ஸ்கிரிப்ட்டை எஸ்எச்-னு கூப்புட்டு ஓட்டுறே. உபுண்டுல 2006ல வந்த 6.10ல இருந்து அந்தப் பேருக்குப் பின்னாடி இருக்கிறது பேஷ் இல்ல, டேஷ்ங்கிற வேற ஷெல், திட்டுறது அதுதான். முதல் வரில பேஷ்னு எழுதி வெச்சிருந்தாலும் நீ எஸ்எச் போட்டு ஓட்டினா அந்த வரியை யாரும் மதிக்க மாட்டாங்க. பேஷ்னே கூப்பிடு.

ஆத்தூர்: எனக்கு உல்டா பிரச்சனைங்க. ஃபெயில் இருந்தா ரிப்போர்ட் வருது, எல்லாம் பாஸ் ஆன அன்னிக்கு மட்டும் மெயிலே வரல. மேனேஜர் மெயில் வரலன்னு போன் பண்ணாதான் எல்லாம் பாஸ்னு எனக்கே தெரியுது.

சிரிச்சிட்டேங்க, மன்னிச்சுக்கோங்க. ஸ்கிரிப்ட் மேல செட் மைனஸ் ஈ போட்டிருப்பீங்க, ஃபெயில் எத்தனைன்னு க்ரெப் (ஃபைல்ல வார்த்தையைத் தேடுற கமாண்டு) மைனஸ் சி வெச்சு எண்ணுவீங்க, சரியா? க்ரெப்புக்கு ஒண்ணும் கிடைக்கலன்னா 0ன்னு அச்சடிக்கும், ஆனா எக்ஸிட் கோட் 1 குடுக்கும். செட் மைனஸ் ஈ அதைப் பாத்துட்டு ஏதோ கோளாறுன்னு ஸ்கிரிப்ட்டை அங்கேயே நிறுத்திடும். ஆக நல்ல செய்தி வந்த அன்னிக்கு மட்டும் மெயில் அனுப்புற வரி வரைக்கும் போகவே போகாது.

இதுக்கு எல்லாரும் உடனே பண்றது என்னன்னா பின்னாடி || எக்கோ 0 ன்னு, அதாவது முன்னாடி இருக்கிறது தோத்தா 0ன்னு அச்சடின்னு, ஒட்டுறது. பண்ணாதீங்க. க்ரெப் ஏற்கனவே ஒரு 0 அச்சடிச்சிருச்சு, எக்கோ இன்னொரு 0 அடிக்கும், வேரியபிள்ல ரெண்டு வரில ரெண்டு சைபர் உக்காந்துக்கும், அப்புறம் இஃப்ல கம்பேர் பண்ணும்போது இன்டீஜர் எக்ஸ்பிரஷன்னு ஏதோ சொல்லும், நீங்க மண்டையைப் பிச்சுக்குவீங்க. || ட்ரூ போடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி அந்த லாக் ஃபைல் இருக்கா, காலியா இல்லாம இருக்கான்னு டெஸ்ட் மைனஸ் எஸ்ங்கிற ஷெல் கமாண்டு வெச்சுப் பாத்துடுங்க, ஏன்னா ஃபைலே இல்லன்னா க்ரெப் 2 குடுக்கும், அந்த நிஜக் கோளாறையும் || ட்ரூ சேத்து மூடி மறைச்சிடும்.

சூரமங்கலம்: ஜேயூனிட் எக்ஸ்எம்எல்ல இருந்து ஃபெயில் எண்ணிக்கை எடுக்க நல்ல வழி என்ன? க்ரெப்ல எண்ணினா ஒரு நாள் கூட வருது, ஒரு நாள் குறையுது.

ஜேயூனிட் எக்ஸ்எம்எல்ங்கிறது டெஸ்ட் ரிசல்ட்டை டேகு டேகா எழுதி வெக்கிற ஃபைல். ரெண்டுக்கும் காரணம் இருக்கு. ஃபெயிலியர்னு வெறும் வார்த்தையைத் தேடினா, மேல மொத்தக் கணக்கு இருக்கிற வரியும் மாட்டும், மூடுற டேக் இருக்கிற வரியும் மாட்டும், அதான் கூட வருது. குறையுறது ஏன்னா க்ரெப் மைனஸ் சி எண்ணுறது வரியை, வார்த்தையை இல்ல. பைடெஸ்ட் எழுதுற எக்ஸ்எம்எல்ல டேகுக்கு டேக் புது வரி போடாது, ஒரே வரில 7 ஃபெயில் மாட்டினாலும் கணக்கு 1தான் வரும். க்ரெப்தான் வேணும்னா திறக்கிற டேகை கோணக்குறியோட சேத்து மைனஸ் ஓ போட்டுத் தேடி, வரியை எண்ணுற டபிள்யூசி மைனஸ் எல்-க்கு பைப் பண்ணுங்க. நான் எக்ஸ்எம்எல்லைப் படிக்கிற எக்ஸ்எம்எல்லின்ட் டூல் வெச்சுக்குவேன், எக்ஸ்பாத்ல கவுன்ட் கேட்டா நேரா நம்பரைக் குடுத்துடும்.

எடுத்த நம்பரை அப்படியே நம்பாதீங்க. எங்க வீட்ல கொலுசுப் பட்டறை வேலை, செவ்வாப்பேட்டைல. அப்பா வேலைக்கு வெள்ளி குடுக்கும்போதும் எடை போடுவாரு, கொலுசா திரும்பி வரும்போதும் எடை போடுவாரு, சேதாரம் எவ்வளவுன்னு எழுதி ரெண்டும் இடிக்காம இருந்தாதான் கூலி. அதே மாதிரி பாஸ், ஃபெயிலியர், எரர், ஸ்கிப் நாலையும் தனித்தனியா எண்ணி கூட்டி, மேல இருக்கிற டெஸ்ட்ஸ்ங்கிற மொத்தத்தோட தட்டிப் பாருங்க. பாஸை மட்டும் மொத்தத்துல இருந்து கழிச்சு எடுத்தீங்கன்னா கணக்கு எப்பவும் நேராத்தான் வரும், சோதனை பண்ணின மாதிரியே ஆகாது. இடிச்சா ரிப்போர்ட் அனுப்பாதீங்க, "கணக்கு சரியில்ல"ன்னு ஒரு வரி மெயில் போதும். எரரை ஃபெயிலியரோட சேத்து ஒரே பெட்டில போடுறதும் வேணாம். எதிர்பாத்த விடை வரலங்கிறது ஒண்ணு, டெஸ்ட் ஒழுங்கா ஓடவே இல்லங்கிறது இன்னொண்ணு, பாக்க வேண்டிய ஆளே வேற.

ஃபேர்லேண்ட்ஸ்: உங்க வாழ்க்கைல ரிப்போர்ட்ல நடந்த பெரிய சொதப்பல் எதுங்க மேடம்?

இருக்கு. முன்னாடி வேலை பாத்த ஒரு கம்பெனி, பேரு வேணாம். ஜாவா ப்ராஜெக்ட், மேவன்ல (கம்பைல் பண்ணி டெஸ்ட் ஓட்டுற டூல்) ஓடும், ஸ்கிரிப்ட் எழுதினது நான்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பை மடியில வெச்சுக்கிட்டு ஏற்காடு பஸ்ல மேல வந்துட்டு இருந்தேன். 20 கொண்டை ஊசி வளைவுல பாதி தாண்டினா சிக்னல் போகும் வரும், அதனால புது மெயில் எதுவும் வரல, பழைய ரிப்போர்ட் மெயிலையே மேலயும் கீழயும் தள்ளிப் பாத்துட்டு வந்தேன். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி நாலு நாளும் 412 டெஸ்ட், 0 ஃபெயில். சரி. நேரம் 318.42 செகண்ட். முந்தின நாள் பாத்தா அதுவும் 318.42. அதுக்கும் முந்தின நாள் 318.42. பஸ் வளைவுல திரும்புறப்ப வயித்தைப் புரட்டுமே, எனக்கு இதைப் பாத்துத்தான் புரட்டுச்சு. ஒரே டெஸ்ட்டை ரெண்டு தடவை ஓட்டினாலே கடைசி புள்ளி வரைக்கும் ஒரே நேரம் வராது, இங்க நாலு நாளா வருது.

நடந்தது என்னன்னா, செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் யாரோ போட்ட கோட் கம்பைலே ஆகல. கம்பைல் ஆகலன்னா மேவன் டெஸ்ட் வரைக்கும் போகாது, மேவன் டெஸ்ட் ரிசல்ட் போடுற சுர்ஃபயர் ரிப்போர்ட்ஸ் ஃபோல்டர்ல செவ்வாய்க்கிழமை எக்ஸ்எம்எல் அப்படியே கிடக்கும். நான் பழசைத் துடைக்கிற க்ளீன் போடாம ஓட்டிட்டு இருந்தேன், நேரம் மிச்சமாகும்னு. எக்ஸிட் கோடை மேல சொன்ன அதே டீ குடிச்சிருச்சு. என் ஸ்கிரிப்ட் பழைய ஃபைலை எடுத்து, அன்னன்னிக்குத் தேதி போட்டு, பச்சை அடிச்சு, 23 பேருக்கு அனுப்பிட்டு இருந்துச்சு. திங்கக்கிழமை ரிலீஸ். சனி ஞாயிறு பூரா என்ன பண்ணியிருப்பேன்னு சொல்லத் தேவையில்ல.

அதுல இருந்து என் ஸ்கிரிப்ட்டோட முதல் வேலையே பழைய ரிசல்ட் ஃபோல்டரைத் துடைக்கிறது. அப்புறம் டெஸ்ட். அப்புறம் எக்ஸிட் கோடை வாங்கி வெச்சுக்கிறது. அப்புறம் ஃபைல் இருக்கா, 1 டெஸ்ட்டாவது ஓடியிருக்கா, கணக்கு இடிக்காம இருக்கா, எக்ஸிட் கோடும் ஃபெயில் எண்ணிக்கையும் ஒண்ணை ஒண்ணு ஒத்துப்போகுதான்னு பாக்குறது. இவ்வளவும் தாண்டினாதான் பாஸ்ங்கிற வார்த்தை. ரிசல்ட் வெக்கிற வேரியபிளை ஆரம்பத்துலயே "தெரியல"ன்னு வெச்சிடுவேன், நடுவுல எங்க செத்தாலும் மெயில்ல "தெரியல"ன்னு போகும். சில பேர் ஆரம்பத்துல பாஸ்னு வெச்சு, தப்பு வந்தா ஃபெயில்னு மாத்துறாங்க, அந்த ஸ்கிரிப்ட்டை நான் பக்கத்துலயே சேக்க மாட்டேன்.

ஓமலூர்: கையால ஓட்டினா ஓடுது, க்ரான்ல போட்டா ஓடல.

குறிச்ச நேரத்துல தானா ஓட்டுற க்ரானுக்கு உங்க லாகின் செட்டிங் எதுவும் தெரியாது, பாத்ல (கமாண்டைத் தேடுற ஃபோல்டர் பட்டியல்) ரெண்டு மூணு ஃபோல்டர்தான் இருக்கும், ஓடுறதும் உங்க ஹோம் ஃபோல்டர்ல இருந்து. ஸ்கிரிப்ட்டுக்குள்ளயே பாத்தை எழுதி, ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு சிடி பண்ணிட்டு ஆரம்பிங்க. க்ரான் வரிலயே தேதி போட்டு லாக் பேர் வெச்சிருக்கீங்கன்னா அதுதான் வில்லன், அங்க % குறிக்கு புது வரின்னு அர்த்தம், அதுக்கு அப்புறம் இருக்கிறதைக் கமாண்டாவே எடுத்துக்காது. தேதி சமாச்சாரத்தை ஸ்கிரிப்ட்டுக்குள்ள கொண்டுபோயிடுங்க. மிஷின் யூடிசில (உலகப் பொது நேரம்) இருந்தா ராத்திரி 1 மணின்னு போட்டது நம்ம காலைல 6.30க்குத்தான் ஓடும், அதையும் பாத்துக்கோங்க.

அம்மாபேட்டை: ஆடித் திருவிழாவுக்கு கோட்டை மாரியம்மன் கோயில் போயிட்டு வந்து பாத்தா, ஜூலை வரைக்கும் நல்லா இருந்த ஸ்கிரிப்ட் ஆகஸ்ட் 1லிருந்து படுத்துக்கிச்சு. யாரும் கை வெக்கல.

மாசத்தை வெச்சு கணக்கு ஏதாவது போடுறீங்களா? பேஷ்ல 0ல ஆரம்பிக்கிற எண்ணை எட்டின் அடிமானம்னு எடுத்துக்கும். 07 வரைக்கும் தப்பிச்சுக்கும், 08ம் 09ம் அந்த முறைல கிடையவே கிடையாது. முன்னாடி 10# சேத்துக்கோங்க. அக்டோபர்ல தானா சரியாயிடும், அதுக்காக விட்டுறாதீங்க.

பாஸ் சதவீதம் 0ன்னு வருதுன்னும் கேட்டிருந்தீங்க. பேஷுக்குப் புள்ளிக்கணக்கு தெரியாது, 499ஐ 500ஆல வகுத்து 100ஆல பெருக்கினா 0 வரும். கணக்கை 'ஆக்' கமாண்டுல போடுங்க. அங்கயும் முழு எண்ணா ரவுண்டு பண்ணாதீங்க, 99.8 வந்து 100ன்னு நின்னுடும்.

ஜாகீர் அம்மாபாளையம்: ஹெச்டிஎம்எல் மெயில்ல எரர் மெசேஜ்ல பாதி காணாம போகுது.

மெசேஜுக்குள்ள கோணக்குறி இருக்கும், மெயில் அதை டேகுன்னு நெனச்சு முழுங்கிடும். ஸ்ட்ரீம் எடிட்டர் வெச்சு & குறியை முதல்ல & ன்னு மாத்துங்க, அப்புறம் < குறியை < ன்னு, அப்புறம் > குறியை > ன்னு. வரிசை மாறினா நீங்க மாத்தினதையே திரும்ப மாத்தி அசிங்கமாயிடும். அவுட்லுக்ல டிசைன் கலையுதுன்னும் சொன்னீங்க, விண்டோஸ்ல போடுற பழைய கிளாசிக் அவுட்லுக் 2007ல இருந்து வேர்டை வெச்சுத்தான் மெயிலைக் காட்டுது, அதனால பழைய காலத்து டேபிள், அந்தந்த செல்லுலயே ஸ்டைல், அவ்வளவுதான். மேனேஜர் பாக்குறது முதல் ரெண்டு வரி, அழகுக்கு ரொம்ப மெனக்கெடாதீங்க.

கொண்டலாம்பட்டி: இதையெல்லாம் பைத்தான்லயே எழுதிட்டா என்னக்கா?

எழுதலாம். ஓட்டுறது, துடைக்கிறது, கோட் பாக்குறது, அனுப்புறது ஷெல்ல சுகம். நேத்தைய ரிசல்ட்டோட இன்னிக்கு ரிசல்ட்டை ஒப்பிடணும், எந்த டெஸ்ட் எத்தனை நாளா ஃபெயில்னு சொல்லணும்னு ஆரம்பிச்சா அந்தப் பக்கம் போயிடுங்க.

ஏற்காடு, நாகலூர் பக்கம்: நடுவுல கரண்ட் போனா பாதி ரிப்போர்ட் கிடக்குதுங்க, அதையும் காலைல மெயில் பண்ணிடுது.

நம்ம மலைல மழைக்காலத்துல இது தினசரி கதை. ஸ்கிரிப்ட் சாகும்போது ஓடுற ட்ராப் போட்டு வெச்சாலும் கரண்ட் போனா அது ஓடாது. ரிப்போர்ட்டை அதே ஃபோல்டர்ல வேற ஒரு தற்காலிகப் பேர்ல எழுதுங்க, கடைசி வரி வரைக்கும் முடிஞ்ச பிறகு எம்வி போட்டு நிஜப் பேருக்கு மாத்துங்க. நிஜப் பேர்ல ஃபைல் இருந்தா முழுசு, இல்லன்னா ஓடி முடியல. மெயில் அனுப்புற ஸ்கிரிப்ட் அந்தப் பேரை மட்டும் பாக்கட்டும். நீங்க அனுப்பின ஸ்கிரிப்ட்ல 41வது வரில வேரியபிளைச் சுத்தி மேற்கோள் குறி இல்ல, ஃபோல்டர் பேர்ல ஸ்பேஸ் வந்தா ரெண்டா உடையும், அதுவும் அது துடைக்கிற வரி. முதல்ல அதை மாத்துங்க, அப்புறம் ஸ்கிரிப்ட்ல தப்பு தேடுற ஷெல்செக்ல ஒரு தடவை ஓட்டிட்டு திரும்ப அனுப்புங்க.