மேடேறும்போது மட்டும் சூடாகும் ஆம்னி: ஹெட்டை இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

குளச்சலைச் சேர்ந்த வாசகர் ஒருவரின் கேள்வி: எங்களிடம் 2009இல் வாங்கிய எட்டு இருக்கை மாருதி ஆம்னி, பெட்ரோல் வண்டி, இருக்கிறது. திங்கள்நகர் வழியாக நாகர்கோவிலுக்கு நான் மட்டும் போய்வரும்போது வெப்பம் காட்டும் முள் நடுவிலேயே நிற்கிறது. குடும்பத்தார் ஏழு பேர் ஏறி, மார்த்தாண்டம், குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறைக்குப் போனால் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. மார்த்தாண்டம் நெரிசலில் நிற்கும்போது ஃபேன் ஓடுகிறது, முள் ஏறுவதில்லை. மேடேறி வந்த மறுநாள் ரேடியேட்டரில் அரை லிட்டர் தண்ணீர் குறைந்திருக்கிறது. ஓராண்டுக்கு முன் சூட்டைக் குறைப்பதற்காகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். ஊற்றுவது வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்று வொர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். இறக்கலாமா?

இப்போதைக்கு இறக்க வேண்டாம். என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள சிலிண்டர் பகுதிக்கும் இடையே அடைப்பாக வைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட்; அது போயிருக்கவும் கூடும். ஆனால் அதை உறுதிசெய்யும் சோதனை எதுவும் இதுவரை நடந்ததாகத் தெரியவில்லை. வண்டி எப்போது சூடாகிறது, எப்போது ஆகவில்லை என்பதைத் தாங்கள் பிரித்து எழுதியிருப்பது பெரிய உதவி. நெரிசலில் நிற்கும்போது முள் ஏறாததால் ஃபேன், அதன் ஸ்விட்ச், ரிலே ஆகியவற்றின் மீது சந்தேகம் இல்லை. ஏழு பேரோடு மேடேறும்போது என்ஜின் எரிக்கும் பெட்ரோல் கூடுகிறது, வெளியேற வேண்டிய வெப்பமும் அதற்கேற்பக் கூடுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற ரேடியேட்டருக்குத் திறன் போதவில்லை, அல்லது போதுமான தண்ணீர் அதற்குள் ஓடவில்லை. முதலில் பார்க்க வேண்டியவை இவை இரண்டும்தான்.

தங்கள் கடிதத்தில் என் கவனத்தை மிகவும் ஈர்த்தது வேறொரு வரி. தெர்மோஸ்டாட், அதாவது என்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு, இல்லாத ஓர் ஆம்னி, ஒருவரை மட்டும் ஏற்றிக்கொண்டு சமதளத்தில் ஓடும்போது, முள் நடுவுக்குக் கீழேதான் நிற்க வேண்டும். தண்ணீரைத் தடுத்து நிறுத்த உள்ளே எதுவும் இல்லாததால் என்ஜின் அளவுக்கு மீறிக் குளிர்ந்தே ஓடும். தங்கள் முள் அப்போதும் நடுவில் நிற்கிறது என்றால், எளிதான ஓட்டத்திலேயே ரேடியேட்டரின் திறன் பெருமளவு செலவாகிவிடுகிறது, மேட்டுக்கென்று மிச்சம் ஏதுமில்லை என்றே நான் கருதுகிறேன்.

கடலோரத்து வண்டி என்பதால் ரேடியேட்டரை வெளியிலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள். முட்டம் பக்கத்திலிருந்து என்னிடம் வந்த ஒரு வேனுக்கு அதற்கு முன் இரண்டு முறை ஹெட் கேஸ்கெட் மாற்றியிருந்தார்கள். முன் கிரில்லைக் கழற்றிவிட்டு ரேடியேட்டரின் தகடுகளைச் சாவி முனையால் மெல்லத் தொட்டேன். நனைந்த பிஸ்கட்டைப் போல உதிர்ந்து, வெள்ளைப் பொடியாகக் கையில் ஒட்டின. குழாய்களில் ஒழுக்கில்லை, உள்ளே தண்ணீரும் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் குழாயின் வெப்பத்தை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்க வேண்டிய தகடுகள் உப்புக்காற்றில் அரித்துக் குழாயை விட்டே விலகியிருந்தன. ரேடியேட்டரை மாற்றியதோடு அந்த வண்டியின் தொல்லை தீர்ந்தது.

வெளிப்புறம் நன்றாக இருந்தால் உட்புறத்தைச் சந்தேகிக்க வேண்டும். கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் உப்பு, அலுமினியத்தாலான ஹெட்டையும் வாட்டர் பம்ப்பையும் அரிக்கும். கடினத்தன்மை சூட்டில் படிந்து, அடுப்பில் தினமும் வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் பொருக்கைப் போலக் குழாய்களை அடைக்கும். அரை மணி நேரம் ஓட்டிய பின் என்ஜினை நிறுத்தி, ஃபேன் தானாகச் சுழன்றுவிடாதபடி அதன் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, ரேடியேட்டரின் பரப்பில் பல இடங்களில் கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். நல்ல ரேடியேட்டரில் சூடு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகக் குறைந்துகொண்டு போகும்; நடுநடுவே குளிர்ந்த திட்டுகள் தென்பட்டால் அந்த இடத்துக் குழாய்கள் அடைத்திருக்கின்றன. பழைய பித்தளை ரேடியேட்டராக இருந்தால் டேங்கைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். பிளாஸ்டிக் டேங்க் உள்ள அலுமினிய வகையாக இருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. 1984இல் தொடங்கி 2019 வரை தயாரான வண்டி என்பதால் உதிரிபாகங்களுக்குத் தட்டுப்பாடு இல்லை.

அரை லிட்டர் குறைவதற்கு ரேடியேட்டர் மூடியே காரணமாக இருக்கலாம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், 0.9 என்று பொறித்த நல்ல மூடி அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்தால் ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பரோ ஸ்பிரிங்கோ தளர்ந்துவிட்டால், மேட்டின் உச்சியில் தண்ணீர் முன்கூட்டியே கொதித்து ரிசர்வ் பாட்டில் வழியாக வெளியே பொங்கிவிடும். அதே மூடியில் உள்ள சிறு வால்வு அடைத்திருந்தால், வண்டி ஆறும்போது வெளியே போன தண்ணீரைத் திரும்ப உறிஞ்ச முடியாது. காலையில் மேல் ஹோஸ் சப்பிப் போயிருப்பதைக் கொண்டு இதைக் கண்டுகொள்ளலாம். இருக்கிற பாகங்களிலேயே விலை குறைந்தது இந்த மூடிதான் என்பதால், சோதிக்கும் வசதி இல்லையென்றால் அதே அழுத்த எண் உள்ள புதியதை வாங்கிப் போட்டுவிடுங்கள்.

வாட்டர் பம்ப்பைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பம்ப்பின் அடித்துளையில் கசிவின் கறை இருக்கிறதா என்பதையும் பார்க்கவும். இக்னிஷன் டைமிங், அதாவது பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறி விழும் நேரம், பின்தங்கியிருந்தாலும் மேட்டில் வண்டி இழுக்காமல் சூடாகும்.

இனி கேஸ்கெட்டுக்கு வருவோம். இரவு முழுவதும் நின்று குளிர்ந்த வண்டியில், காலையில் மூடியைத் திறந்து, தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் வரும் சில குமிழிகள் உள்ளே சிக்கியிருந்த காற்று, அவை நின்றுவிடும். ஆக்ஸிலேட்டரைக் கூட்டும்போதெல்லாம் குமிழிகள் ஓயாமல் வந்தால் அது சிலிண்டருக்குள் எரிந்த வாயு, அதாவது கேஸ்கெட்டோ ஹெட்டோ விட்டுவிட்டது. நிறுத்திவிட்டு, தண்ணீர் இன்னும் சூடேறாதிருக்கும்போதே மூடியைப் போட்டு மறுபடி ஓட்டி, மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். ஓரிரு நிமிடங்களில் அது கல்லைப் போல இறுகினால் சந்தேகத்துக்கே இடமில்லை. இந்த மூன்று சிலிண்டர் என்ஜினில் அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் கம்ப்ரஷன் (உள்ளே உருவாகும் அழுத்தம்) குறைந்திருப்பதும் உறுதியான அடையாளம். ஆயில் மூடியின் உட்புறத்தில் தெரியும் லேசான வெண்ணெய் போன்ற படிவத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழைகளும் பெய்கின்றன, ஈரமான நாள்களில் சிறு தூரங்களே ஓடும் வண்டியில், அதிலும் தெர்மோஸ்டாட் இல்லாததில், நீராவி படிந்தே அப்படி ஆகிவிடும்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டுக்குப் பதிலாகப் புதியதைப் போட்டுவிடுங்கள். மாட்டுவதற்கு முன் ஒரு பாத்திரத்து நீரில் தொங்கவிட்டுச் சூடேற்றினால், தன் மேல் பொறித்துள்ள வெப்பநிலையை ஒட்டி அது திறக்க வேண்டும், ஆறினால் மூட வேண்டும். அது இல்லாமல் குளிர்ந்தே ஓடும் என்ஜின் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கிறது, சீக்கிரம் தேய்கிறது. நோயை மறைத்ததைத் தவிர அதைக் கழற்றியதால் தங்களுக்கு ஒரு பயனும் கிடைக்கவில்லை. தண்ணீரை மாற்றும்போது முழுவதும் வடித்து, நல்ல நீரால் அலசி, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதியாகக் கலந்து ஊற்றவும். பனி உறையாத ஊருக்குக் கூலன்ட் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள்; அது அரிப்பைத் தடுக்கிறது, கொதிநிலையை உயர்த்துகிறது, நமக்குத் தேவையானவை அவைதாம். ஆம்னியில் என்ஜின் இருக்கைக்குக் கீழேயும் ரேடியேட்டர் முன்பக்கத்திலும் இருப்பதால் இடையில் நீளமான பைப்களில் காற்று எளிதில் தங்கும். ஆகவே மெல்ல ஊற்றி, மூடியைத் திறந்தபடி ஓடவிட்டு, ஹோஸ்களை அமுக்கிவிட்டுக் காற்றை வெளியேற்றிய பிறகே மூட வேண்டும். கூலன்ட் இனிப்பாக இருக்கும் நஞ்சு. வடித்ததைக் குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாதபடி அப்புறப்படுத்தவும்.

இவை முடியும்வரை பேச்சிப்பாறைப் பயணத்தைத் தள்ளிவையுங்கள். வழியில் முள் சிவப்பைத் தொட்டால் உடனே ஓரங்கட்டி நிறுத்தி, குறைந்தது அரை மணி நேரத்துக்கு மூடியில் கை வைக்காதீர்கள். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் கோணிவிடும், விரிசலும் விடும். காலைச் சோதனையில் குமிழிகள் ஓயாமல் வந்தாலோ, ஹோஸ் கல்லாக இறுகினாலோ, கம்ப்ரஷன் மேலே சொன்னபடி குறைந்திருந்தாலோ மட்டுமே ஹெட்டை இறக்கச் சொல்லுங்கள். அப்போதும் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிட விடாமல், நேர்ச்சட்டம் வைத்து ஹெட்டின் அடிப்பரப்பு கோணியிருக்கிறதா என்று தங்கள் முன்னிலையிலேயே பார்த்து, கோணியிருந்தால் ஃபேசிங் செய்து, அதாவது தேய்த்துச் சமன்செய்து, போடச் சொல்லுங்கள்.