கடல் உள்வாங்கினா ஓடணுமா? – வாசகர் கேள்வி பதில்

எங்க ஊர்ல கொஞ்ச நாளைக்கு ஒருவாட்டி கடல் உள்வாங்கிருச்சுன்னு டிவிக்காரங்க கேமராவோட வந்துடுறாங்க, வெளியூர்ல இருக்க பொண்ணு போன் போட்டு அழுவுறா. இது சுனாமி அறிகுறியா சார்?
– வாசகர், ராமேஸ்வரம்

பொண்ணுகிட்ட பயப்படாதேன்னு சொல்லுங்க. உங்க பக்கம் கடல் ஆழம் குறைச்சல், அமாவாசை பௌர்ணமிக்கு வத்தம் அதிகமா இருக்கும், அதோட காத்தும் கரையில இருந்து கடலைப் பாத்து அடிச்சா தண்ணி பின்னாடி போய் வள்ளமெல்லாம் சேத்துல உக்காந்துரும். இது மணிக்கணக்குல மெதுவா நடக்குற விஷயம். சுனாமிக்கு வாங்குற தண்ணி நிமிஷக்கணக்குல சரசரன்னு ஓடும், பாத்தாலே வித்தியாசம் தெரியும்.

ஆனா இதுல இன்னொரு ஆபத்து இருக்கு, அதை டிவில யாரும் சொல்றதில்ல. எல்லா சுனாமியும் முதல்ல உள்வாங்கிட்டு வராது. 2004 டிசம்பர் 26 காலைல நம்ம நேரம் 6.28க்கு சுமத்ரா பக்கம் கடலடி உடைஞ்சப்போ மேற்குப் பக்கம் தூக்கிருச்சு, கிழக்குப் பக்கம் தாழ்ந்துருச்சு. அதனால தாய்லாந்துல முதல்ல கடல் வத்துச்சு, நம்ம பக்கம் நிறைய இடத்துல எடுத்த எடுப்புலயே தண்ணி ஏறிருச்சு. முதல் அலை திரும்பிப் போனப்போதான் கடல் வெகுதூரம் உள்ள போச்சு, அட என்ன இதுன்னு வேடிக்கை பாக்கப் போனவங்க, மீன் பொறுக்கப் போனவங்கன்னு அடுத்த அலைல எத்தனையோ பேர் போயிட்டாங்க. இலங்கைல பெரலியங்கிற இடத்துல முதல் அலைக்குப் பயந்து ஜனங்க அங்க நின்ன ரயில்ல ஏறிக்கிட்டாங்க, ரெண்டாவது அலை ரயிலையே பொரட்டிப் போட்டுச்சு, ஆயிரத்துக்கும் மேல செத்தாங்க. முதல் அலை போச்சுல்ல, இனிமே ஒன்னுமில்லன்னு மட்டும் நினைக்காதீங்க. பல மணி நேரத்துக்கு அலை வந்துகிட்டே இருக்கும்.

2012ல சுனாமி வருதுன்னு எங்களை ஓட விட்டாங்க, ஒன்னும் வரல. இனிமே எச்சரிக்கையை எப்படி நம்புறது?
– வாசகி, பட்டினப்பாக்கம்

நானும் அன்னைக்கு சென்னைலதான் இருந்தேன். கட்டிடம் ஆடுனதும் எல்லாரும் கீழ ஓடுனாங்க, இந்த புத்திசாலி மட்டும் மொட்டைமாடி ஏறி கடல் தெரியுதான்னு பாத்தேன். அத விடுங்க.

அது பொய் எச்சரிக்கை கிடையாதுங்க. ஏப்ரல் 11 மதியம் வந்த நிலநடுக்கம் 8.6, அவ்ளோ பெருசு. ஆனா அங்க கடலடிப் பாறைங்க பக்கவாட்டுல உரசிக்கிட்டு நகந்துச்சு, கடலடியை மேல தூக்கல, அதனால தண்ணியையும் பெருசா தூக்கல. குறுக்க நகந்துச்சா மேல எழும்புச்சான்னு தெரிய கொஞ்சம் நேரம் ஆகும், அதுவரைக்கும் ஜனத்தை கரையிலயே நிக்க வைக்க முடியுமா?

2004ல நமக்கு சொல்றதுக்கு ஆளே இல்ல. ஹைதராபாத் எச்சரிக்கை மையம் 2007லதான் வந்துச்சு. 2004 சுனாமி அன்னைக்குக் காலைல புதுச்சேரி பக்கம் நல்லவாடு மீனவ கிராமத்துக்கு சிங்கப்பூர்ல வேலை பாத்த ஊர்க்காரர் ஒருத்தர் டிவில பாத்துட்டு போன் அடிச்சாரு, ஊர்ல இருந்த தகவல் மையத்தை உடைச்சுத் தொறந்து லவுட்ஸ்பீக்கர்ல சொல்லி எல்லாரையும் வெளிய அனுப்பிட்டாங்க. வீடு போச்சு, படகு போச்சு, ஆளுங்க பொழச்சாங்க. சும்மா ஒருதடவை ஓடுனா ஒரு மதியம்தான் வீணாகும், பரவால்லங்க.

5ம் நம்பர் கூண்டு, 7ம் நம்பர் கூண்டுன்னு சொல்றாங்களே, நம்பர் ஏற ஏற ஆபத்து ஜாஸ்தியா?
– வாசகர், கடலூர்

முழுசா அப்படி இல்ல. கூண்டு ஏத்துறது முக்கியமா கப்பலுக்கு, வீட்டுக்கு இல்ல. 1, 2ன்னா தூரக்கடல்ல ஏதோ கிளம்பிருக்கு. 5, 6, 7 மூனுமே ஆபத்துதான், புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமா போகும்னு சொல்லத்தான் தனித்தனி நம்பர். 8, 9, 10ம் அதே கணக்குதான், ஆனா இன்னும் பெரிய புயல். 11ன்னா தகவல் தொடர்பே அறுந்துபோச்சுன்னு அர்த்தம்!

நீங்க கேக்க வேண்டியது எந்த இடத்துல கரையைக் கடக்குதுன்னுதான். நம்ம கிழக்குக் கரைல புயல் கடக்குற இடத்துக்கு வடக்கால காத்து கடல்ல இருந்து கரைக்கு அடிக்கும், கடல் ஏறி ஊருக்குள்ள வரும். தெக்கால காத்து கரையில இருந்து கடலுக்கு, அங்க தண்ணி வத்துறதுகூட உண்டு. பொதுவா காத்தை விட தண்ணிதான் ஆளைக் கொல்லும். 1977ல ஆந்திரா திவிசீமைல ஏறுன கடல்ல ஆயிரக்கணக்குல செத்தாங்க. இன்னொன்னு, கண் பகுதி மேல வரும்போது சட்டுனு அமைதியாயிரும், வெளிய வந்துடாதீங்க, எதிர்ப்பக்கம் இருந்து திரும்ப அடிக்கும்.

எங்க ஊருக்கு தூண்டில் வளைவு போட்டா கடலரிப்பு நிக்குமா?
– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

தூண்டில் வளைவுன்னா கரையில இருந்து கடலுக்குள்ள நீட்டிப் போடுற கல் சுவர். உங்க ஊருக்கு நிக்கலாம், வடக்கால இருக்க அடுத்த ஊர்க்காரன் உங்களத் திட்டுவான். நம்ம கிழக்குக் கரைல வருஷத்துல பாதிக்கு மேல மணல் தெக்க இருந்து வடக்க நகரும், குறுக்க கல் போட்டா தெக்கால மணல் சேரும், வடக்கால அரிக்கும். புதுச்சேரி துறைமுகத்துக்கு 80கள் கடைசில போட்ட கல்லு நகரத்துக் கடற்கரை மணலையே தின்னுச்சு, அப்புறம் சோலை நகர், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம்னு அரிப்பு வடக்க வடக்க ஏறிக்கிட்டே போச்சு. மணல்மேட்டை மொதல்ல தொடாம விடுங்க, கடலுக்கு அதைவிட நல்ல சுவர் கிடையாது. அலையாத்திக்காடும் நல்லதுதான், ஆனா 2018ல கஜா புயல் வந்தப்போ முத்துப்பேட்டைல அந்த மரங்களே சிதைஞ்சு போச்சு, அதை நம்பி வீட்டுலயே உக்காந்துறக்கூடாது.

வீட்டுக்காரர் நாள் கணக்குல கடல்லயே தங்கி மீன் பிடிக்கிற தங்கல் தொழிலுக்குப் போறாரு. ஓகி புயல் மாதிரி திரும்ப வந்தா எப்படித் தகவல் சொல்றது?
– வாசகி, குமரி மாவட்டம்

உங்க கேள்விய படிச்சுட்டு கொஞ்சம் நேரம் சும்மா உக்காந்துட்டேன் தங்கச்சி. ஓகி 2017 நவம்பர் 30 காலைலதான் புயலாவே ஆச்சு, அதுக்குள்ள நெறைய படகு ஆழ்கடல்ல. படகு வயர்லெஸ் சில பத்து கிலோமீட்டர்தான் எட்டும், அவங்க நின்னது நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி.

இப்போ செயற்கைக்கோள் கருவி ரெண்டு வகை இருக்கு. ஒன்னு எச்சரிக்கையை வாங்கி செல்போன்ல காட்டும், அவ்ளோதான், பதில் அனுப்ப முடியாது. இன்னொன்னு டிரான்ஸ்பாண்டர், அதுல ஆபத்துன்னு கரைக்கும் சொல்லலாம். படகுல எது இருக்கு, சார்ஜ் நிக்குதா, அவரைத் தவிர வேற யாருக்கு அதை அமுக்கத் தெரியும், இந்த மூனையும் அடுத்த தடவை கிளம்புறதுக்கு முன்னாடி கேளுங்க. எத்தனை பேர் போறாங்க, யார் யாருன்னு ஒரு பேப்பர்ல எழுதி வீட்டுலயும் சங்கத்துலயும் ஒவ்வொரு காப்பி வைங்க. ஓகி அப்போ எத்தனை பேர் காணோம்னு கணக்கு எடுக்கவே நாள் கணக்குல ஆச்சு.