தூக்க மாத்திரை எளிதில் கிடைக்கிறது, சிகிச்சை கிடைப்பதில்லை: மனநல மருந்துகள் பற்றிய கேள்வி பதில்

(மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் நெடுங்காலம் மனநல மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர் பதில் அளிக்கிறார். யாருக்கும் மருந்தின் அளவை இங்கே எழுதித் தர மாட்டேன் என்பதை அவர் முதலிலேயே தெரிவித்துவிட்டார்.)

கும்பகோணம் உறுப்பினர்: எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் ஏதோவொரு மாத்திரை போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார். மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் மிகக் குறைவு என்றும் படிக்கிறோம். இரண்டும் எப்படி உண்மையாகும்?

இரண்டும் உண்மைதான். 2015-16ஆம் ஆண்டுகளில் பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேருக்கு அச்சமயம் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது. மனச்சோர்வு உள்ளவர்களில் 100க்கு 85 பேரும், மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) போன்ற கடுமையான நோய் உள்ளவர்களில் நான்கில் மூன்று பேரும் சிகிச்சையில் இல்லை. அப்படியானால் உங்கள் தெருவில் விற்கும் மாத்திரைகள் எங்கே போகின்றன? துக்கம், கடன், மூட்டுவலி, முதுமையில் இயல்பாகக் குறையும் தூக்கம் என்று பலவற்றுக்கும் அவை போகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் 14 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான ஆய்வும் இதைத்தான் காட்டியது: வளரும் நாடுகளில் கடுமையான நோயாளிகளில் பெரும்பகுதியினர் சிகிச்சை இன்றி இருக்க, நோய் என்று சொல்ல முடியாத நிலையில் உள்ள பலர் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார்கள்.

கணக்கில் வராத மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு. மருந்து எழுதப்பட்டிருக்கும், ஆனால் அது சிகிச்சை ஆகாது. கடும் மனச்சோர்வோடு வந்தவருக்கு 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் என்ற பழைய மனச்சோர்வு மருந்தை எழுதி அனுப்பிய சீட்டுகளை நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அந்த அளவு நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் உதவலாம். மனச்சோர்வைத் தீர்க்க வழக்கமாக அதைப் போலப் பல மடங்கு வேண்டும். இரண்டு வாரத்தில் குணம் தெரியவில்லை என்று நோயாளி நிறுத்திவிடுவார். பிறகு "மாத்திரை சாப்பிட்டும் பலனில்லை" என்ற பேச்சு ஊரில் நிலைத்துவிடும்.

மதுரை உறுப்பினர்: என் அம்மாவுக்கு 68 வயது. அப்பா இறந்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்த அல்பிரசோலாம் என்ற தூக்க மாத்திரையைப் பதினோரு ஆண்டுகளாகப் பழைய சீட்டைக் காட்டியே வாங்கிச் சாப்பிடுகிறார். இன்றோடு நிறுத்திவிடச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள் அம்மா. இதைவிட முக்கியமான எச்சரிக்கை இன்று என்னிடம் இல்லை. ஆண்டுக்கணக்கில் சாப்பிட்ட அல்பிரசோலாம், டயசெபாம், குளோனசெபாம் போன்றவற்றை ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கம், பதற்றம், தூக்கமின்மை ஆகியவை வருவதோடு, சிலருக்கு வலிப்பே வந்துவிடும். ஒரு மருத்துவரின் கண்காணிப்பில் வாரங்களாகவோ மாதங்களாகவோ சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மட்டுமே பொருத்தமான மருந்து இது; முதியவர்களுக்கு இதனால் நினைவு மங்குவதும், இரவில் எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் உண்டு.

அல்பிரசோலாம், டயசெபாம், சோல்பிடெம் ஆகியவை எச்1 அட்டவணையில், அதாவது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கான கடுமையான அரசுப் பட்டியலில் உள்ளவை. மருத்துவரின் பெயர், நோயாளியின் பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2014இலிருந்தே மருந்துக் கடைகளுக்கு விதி இருக்கிறது. மஞ்சளாகிப்போன சீட்டுக்கு மாத்திரை தருவது விதிமீறல். ஆனால் கடைக்காரரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பதினோரு ஆண்டுகளில் உங்கள் அம்மாவை உட்காரவைத்து, துக்கம் எப்படி இருக்கிறது என்று எந்த மருத்துவராவது கேட்டாரா? அவருக்கு மனச்சோர்வு இருந்து அது கவனிக்கப்படாமலே போயிருக்கவும் கூடும்.

இன்னொன்று: எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தும் குளோனசெபாமும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது நம் நாட்டில் சர்வசாதாரணம். முதல் மருந்தை மாதக்கணக்கில் தொடர வேண்டும், இரண்டாவதைச் சீக்கிரம் நிறுத்த வேண்டும். ஒட்டிப் பிறந்த இரட்டையரைப் போல இருந்தால் எதைக் குறைப்பது? அட்டையைத் திருப்பி, உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

ஈரோடு உறுப்பினர்: மனச்சோர்வு மாத்திரைக்கு அடிமையாகிவிடுவோமா?

மாட்டீர்கள். தூக்க மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரையும் வேறு வேறு. பின்னது ஆசையைத் தூண்டாது. அளவைக் கூட்டிக்கொண்டே போகவும் தோன்றாது. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் போன்றவை வரும் என்பதால் அதையும் படிப்படியாகத்தான் விட வேண்டும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர வேண்டும் என்பதே பொது விதி.

சேலம் உறுப்பினர்: இந்த மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் அடிமைப்படுத்தும் என்கிறார்களே?

மேலே ஈரோட்டு நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருச்சி உறுப்பினர்: பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு நினைவாற்றல் மாத்திரை எது நல்லது?

எதுவும் வேண்டாம். இரவு எட்டு மணி நேரம் தூங்கவிடுங்கள்.

திருநெல்வேலி உறுப்பினர்: உலக சுகாதார நிறுவனம் 1967இல் தொடங்கிய ஆய்வில், மேலை நாட்டு மனச்சிதைவு நோயாளிகளைவிட ஆக்ராவில் இருந்தவர்களின் நிலை நன்றாக இருந்ததாம். குடும்பமும் கோயிலும் போதும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அந்த ஆய்வு உண்மை. ஆக்ரா, நைஜீரியாவின் இபாடான், கொலம்பியாவின் காலி ஆகிய இடங்களில் பலன் மேலாக இருந்ததும் உண்மை. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் மருத்துவ மையங்களுக்கு வந்தவர்கள். மருந்தும் குடும்பமும் சேர்ந்து கிடைத்தவர்களை வைத்துக்கொண்டு, குடும்பம் மட்டும் போதும் என்று முடிவு கட்டுவது எப்படிச் சரியாகும்?

திருநெல்வேலி உறுப்பினர்: மருந்து இல்லாமல் வீட்டிலேயே அமைதியாக வாழ்பவர்களை நீங்கள் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் மனச்சிதைவு நோய் பற்றி ஆராயும் ஸ்கார்ஃப் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வீடு வீடாகச் சென்று கண்டறிந்த 261 மனச்சிதைவு நோயாளிகளில் 75 பேர் ஒருமுறைகூடச் சிகிச்சை பெறாதவர்கள் என்று 1998இல் வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு இத்தனை அருகில், ஒரு மாநகரத்தில் இந்த நிலை! நான் வீடுகளுக்குச் சென்று கண்ட வரையில், அத்தகையவர்கள் பெரும்பாலும் பின்கட்டு அறையில், பேச்சின்றி, கல்யாணக் காரியங்களின்போது உறவினர் கண்ணில் படாமல் இருப்பவர்கள். கூட்டுக்குடும்பம் சோறு போட்டுத் தாங்குகிறது என்பதை மறுக்கவில்லை. அதே குடும்பம்தான் மறைத்தும் வைக்கிறது.

இராமநாதபுரம் உறுப்பினர்: எங்கள் ஏர்வாடியை மறந்துவிட்டீர்களா? 2001 ஆகஸ்ட் 6 அன்று தர்காவை ஒட்டிய விடுதியில் சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள்.

மறக்கவில்லை. நம்பிக்கையோடு தர்காவுக்கு வருவோர் மீது எனக்கு வருத்தமில்லை. சங்கிலி மீதும், சிகிச்சை இல்லாமையை வைத்துப் பிழைத்த விடுதிகள் மீதும்தான் கோபம். பிற்பாடு அங்கேயே மருந்தும் துஆவும் (பிரார்த்தனையும்) சேர்ந்து கிடைக்கும்படி அரசு ஒரு சிகிச்சையகத்தை ஏற்படுத்தியது. திருநெல்வேலி நண்பரே, நம்பிக்கையை விட்டுவிடாமலே மருந்தும் எடுக்கலாம் என்பதற்கு அதுவே வழி. இந்த வாதத்தை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

நாகர்கோவில் உறுப்பினர்: மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கு லித்தியம் சாப்பிடும் அண்ணனுக்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனை எதற்கு?

பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது என்பதால். வயிற்றுப்போக்கு, கடும் வெயிலில் நீர் வற்றுதல், மருத்துவரைக் கேளாமல் விழுங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை ஆகியவை அளவை ஏற்றிவிடும். கை நடுக்கம் கூடி நடை தள்ளாடினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கோவை உறுப்பினர்: மாத்திரைக்கு அடிமையாவது பற்றி...

மூன்றாம் முறையாக: ஈரோடு.

விழுப்புரம் உறுப்பினர்: தம்பிக்குக் காதில் குரல் கேட்கிறது. நோயே இல்லை என்கிறான். மாத்திரையைப் பொடித்துச் சாம்பாரில் கலந்து கொடுக்கிறோம். தவறா?

எத்தனையோ தாய்மார்கள் இதை என்னிடம் தலைகுனிந்து சொல்லியிருக்கிறார்கள், நான் கடிந்துகொண்டதில்லை. ஆனால் அவருக்குத் தெரியவரும் நாளில் மாத்திரையோடு உங்கள் கைச் சோற்றையும் மறுத்துவிடுவார், நஞ்சு வைக்கிறார்கள் என்ற அவருடைய சந்தேகத்துக்கும் அதுவே ஆதாரமாகிவிடும். மேலும், அளவு சரியா, பக்கவிளைவு உண்டா என்று அவரிடமே கேட்க வழி இருக்காது. குரலைப் பற்றி வாதிடாமல், தூக்கம் இல்லை, உடல் களைப்பு என்று அவரே ஒப்புக்கொள்ளும் குறையைச் சொல்லி மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் செல்லுங்கள். மாதம் ஒருமுறையோ இருமுறையோ போடும் நீண்ட நாள் ஊசி அவருக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். எந்த நேரமும் பேச 14416 என்ற டெலி-மானஸ் எண், அரசின் மனநல உதவித் தொலைபேசி, இருக்கிறது. அதுவரை சாம்பாரை மட்டும் திடீரென நிறுத்திவிடாதீர்கள். முதலில் அந்த மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.